பம்ப் அடித்தும் முட்டு அடங்கவில்லையா? மருந்தைக் கூட்டுவதற்கு முன் வரிசையாகப் பார்க்க வேண்டியவை

"ஒழுங்காத்தான் அடிக்கிறன், ஆனா முட்டு விடுகுதில்லை." வன்னியில் கிளினிக் வரிசையில் நிற்கிற தொய்வு (ஆஸ்துமா) வருத்தக்காரர் பாதிப்பேரின் முறைப்பாடு இதுதான். பம்ப் பிடிக்கப் பழக்கிக் கொடுக்கிற வேலையில் இருப்பதால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "ஐயா, ஒருக்கா எனக்கு முன்னால அடிச்சுக் காட்டுங்கோ." அவர் அடித்துக் காட்டும்போதே பல தடவை காரணம் தெரிந்துவிடும்.

மருந்து போதவில்லை என்று சொல்வதற்கு முன், அது நெஞ்சுக்குள் போகிறதா என்று பார்க்க வேண்டும். ஆகவே கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். நாலாம் படி பிழையாக இருந்தால், எட்டாம் படியில் எவ்வளவு கவனமாக இருந்தும் பிரயோசனமில்லை. இது பெரியவர்களுக்கும், சொன்னதைக் கேட்டுச் செய்யக்கூடிய பிள்ளைகளுக்கும் எழுதியது. கைக்குழந்தைக்கு வைத்தியரிடம்தான் கேட்க வேண்டும்.

1. இப்போதே முட்டாக இருந்தால் படிப்பதை நிறுத்துங்கள்

ஒரு வசனத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லை, உதடு நீலம் பாய்கிறது, விலா எலும்புகளுக்கிடையே தோல் உள்ளே இழுபடுகிறது, பிள்ளை தண்ணீர் குடிக்க முடியாமல் தவிக்கிறது, அடித்த நீலப் பம்ப் (உடனடி நிவாரணம் தரும் சல்பியூட்டமோல்) மூன்று நாலு மணித்தியாலம்கூடத் தாங்கவில்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசில்லை.

அம்புலன்ஸ் வரும்வரை ஆளை நிமிர்த்தி இருத்துங்கள், படுக்க விடாதீர்கள். சல்பியூட்டமோல் பம்ப்பை ஸ்பேசரில் (பம்ப்புக்கும் வாய்க்கும் இடையில் பிடிக்கும் வெற்றுக் கூடு) பொருத்தி ஒரு தரம் அடித்து நாலைந்து மூச்சு எடுக்க விடுங்கள். பிறகு அடுத்த தரம். இப்படிப் பத்துத் தரம் வரை கொடுக்கலாம். பத்தையும் ஒன்றாக உள்ளே அடித்துவிட்டு மூச்செடுக்கச் சொல்வது பிழை. துளிகள் ஒன்றோடொன்று மோதி ஸ்பேசரின் சுவரிலேயே ஒட்டிவிடும்.

ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். இழுப்புச் சத்தம் குறைந்து ஆள் சோர்ந்து போனால் அதைச் சுகமாகிவிட்டதாக எடுக்கக்கூடாது. காற்றுப் போய்வருவதே குறைந்துவிட்டது என்பதற்கும் அது அறிகுறி. உள்ளூர் ரோட்டில் ஓட்டோ பிடித்து மாங்குளம் சந்திக்கு வர எவ்வளவு நேரம் எடுக்கும் என்று உங்களுக்குத்தான் தெரியும். அந்த நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்து முன்னதாகவே வெளிக்கிடுங்கள்.

2. தொடங்க முன் எடுத்து வைக்க வேண்டியவை

வீட்டில் உள்ள எல்லா மருந்தையும் ஒரு மேசையில் வையுங்கள்: பம்ப், கருவியில் போட்டு மூச்சால் இழுக்கும் தூள் கப்சியூல், குளிசை, கண்ணுக்கு விடும் துளி, பிரஷர் மருந்து, மூட்டு நோவுக்கு வாங்கிய குளிசை எல்லாம். கிளினிக் கொப்பி, ஒரு வெற்றுக் கொப்பி, பேனை, முகம் பார்க்கும் கண்ணாடி ஆகியவையும் வேண்டும்.

ஊதும் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்று கிடைத்தால் நல்லது, கட்டாயமில்லை. இருந்தால் காலையும் இரவும், மருந்து எடுக்க முன், நின்றபடி மூன்று தரம் வேகமாக ஊதி, கூடிய அளவை மட்டும் எழுதுங்கள். மூன்றின் சராசரியை எழுதுவது எல்லாரும் விடுகிற பிழை. இரண்டு கிழமை எழுதினால் வைத்தியருக்கு அது உங்கள் பேச்சை விடப் பெரிய உதவி.

3. உண்மையில் கட்டுப்பாடு இல்லையா என்று நாலு கேள்வி

போன நாலு கிழமையை மட்டும் நினைத்துப் பதில் சொல்லுங்கள்.

பகலில் முட்டோ இழுப்போ வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் வந்ததா? இரவில் ஒரு நாளாவது முட்டால் எழும்பினீர்களா? உடனடி நிவாரணப் பம்ப் வாரத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் தேவைப்பட்டதா? முட்டால் ஏதாவது வேலையைக் குறைத்தீர்களா?

ஒன்றுக்கும் "ஓம்" இல்லை என்றால் கட்டுப்பாடு நன்றாக இருக்கிறது. ஒன்று அல்லது இரண்டு "ஓம்" அரைகுறைக் கட்டுப்பாடு. மூன்று, நாலு என்றால் கட்டுப்பாடே இல்லை.

நாலாவது கேள்வியில்தான் எங்கள் ஆட்கள் தடுமாறுவார்கள். "வேலை எல்லாம் செய்யிறன்" என்பார்கள். கிணற்றில் தண்ணீர் அள்ளுவதை மகளிடம் விட்டு எவ்வளவு காலம், தோட்டத்துக்கு நடந்து போகாமல் மோட்டார் சைக்கிளில் போகத் தொடங்கியது எப்போது என்று கேட்டால்தான் உண்மை வெளிவரும். வீட்டில் உள்ள இன்னொருவரைப் பக்கத்தில் இருத்திப் பதில் சொல்லுங்கள். இரவு இருமலை நீங்கள் மறந்தாலும் பக்கத்தில் படுப்பவர் மறக்கமாட்டார்.

ஒரு வருடத்தில் எத்தனை தரம் பிரட்னிசலோன் குளிசை (முட்டுக் கூடினால் தரும் ஸ்டீரொயிட்) எடுத்தீர்கள், எத்தனை தரம் நெபுலைசர் பிடித்தீர்கள், வாட்டில் நின்றீர்களா என்பதையும் எழுதுங்கள். நாலு கேள்விக்கும் "இல்லை" என்றவர்கூட, வருடத்தில் இரண்டு தரம் பிரட்னிசலோன் எடுத்திருந்தால் கட்டுப்பாட்டில் இருக்கிறார் என்று சொல்ல முடியாது.

4. "ஒழுங்காக" அடிப்பது எதை?

நான் அதிகம் காண்கிற குழப்பம் இது. காலையும் இரவும் தவறாமல் அடிப்பது சல்பியூட்டமோல். தடுப்பு மருந்து வந்த பெட்டியோடு அலுமாரியில் கிடக்கும். "அதை அடிச்சு ஒண்டும் தெரியேல்லை, நீலம்தான் உடனே கேக்கும்" என்பது விளக்கம்.

உடனே கேட்பது சல்பியூட்டமோலின் வேலை. சுருங்கிய குழாயைச் சில நிமிடத்தில் விரித்துவிடும், ஆனால் உள்ளே இருக்கும் வீக்கத்தைத் தொடாது. வீக்கத்தைக் குறைப்பது தடுப்பு மருந்து, அதாவது பெக்லோமெத்தசோன், பியூடெசோனைட், புளூட்டிகசோன் போன்ற ஸ்டீரொயிட்டுகள். அவற்றின் பலன் தெரியச் சில நாட்கள், முழுமையாகத் தெரியச் சில கிழமைகள் எடுக்கும். அடித்தவுடன் ஒன்றும் தெரியாமல் இருப்பதுதான் இயல்பு.

சல்பியூட்டமோலை மட்டும் நம்பி இருப்பது ஆபத்து. 200 தரம் அடிக்கும் பம்ப் வருடத்துக்கு மூன்று அல்லது அதற்கு மேல் முடிந்தால் கடும் முட்டு வரும் வாய்ப்புக் கூடுகிறது. பன்னிரண்டைத் தொட்டால் உயிராபத்தே கூடுகிறது. சல்பியூட்டமோல் குளிசையை முழுங்குவது இதற்கு மாற்றில்லை. அது மெதுவாகத்தான் வேலை செய்யும், கை நடுக்கமும் படபடப்பும் கூட.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். நீலம் உடனடி, கபிலம் தடுப்பு என்பது பெரும்பாலும் சரிவரும். ஆனால் கொம்பனிக்குக் கொம்பனி நிறம் மாறும், கப்சியூலில் இன்னும் மோசம். சல்பியூட்டமோல் கப்சியூலையும் பெக்லோமெத்தசோன் கப்சியூலையும் ஒரே டப்பாவில் கொட்டி வைத்திருப்பவர்களைக் கண்டிருக்கிறேன். பெயரைப் படிக்கத் தெரிந்த பிள்ளையைக் கொண்டு, தடுப்பு மருந்தின் மேல் "காலை, இரவு" என்றும் மற்றதின் மேல் "முட்டு வந்தால்" என்றும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. பியூடெசோனைட்டும் ஃபோர்மொடெரோலும் சேர்ந்த மருந்தைச் சில வைத்தியர்கள் தடுப்புக்கும் முட்டு வரும்போதும் பாவிக்கச் சொல்வார்கள். அது சரியான முறைதான். ஆனால் உங்கள் கொப்பியில் அப்படி எழுதியிருந்தால் மட்டும். சால்மெட்டரோல் சேர்ந்த பம்ப்பை அப்படிப் பாவிக்கக்கூடாது.

5. அடிக்கும் முறை: இங்கேதான் பெரும்பாலும் பிழை

பம்ப்புக்கு மெதுவான மூச்சு, கப்சியூலுக்கு வேகமான மூச்சு. இந்த ஒன்றை மாற்றிச் செய்தாலே மருந்து தொண்டையோடு நின்றுவிடும். இரண்டும் கொடுக்கப்பட்டவர்கள் இரண்டையும் ஒரே மாதிரி இழுப்பார்கள், அதனால் ஒன்று எப்போதும் பிழையாகவே இருக்கும்.

பம்ப் பிடிக்கும் வரிசை இது:

மூடியைக் கழற்றிக் குலுக்குங்கள். புதியது என்றாலோ பல நாள் பாவிக்காமல் இருந்தாலோ முதலில் காற்றில் இரண்டு மூன்று தரம் அடித்துப் பாருங்கள். நிமிர்ந்து இருந்து, முடிந்தவரை மூச்சை வெளியே விடுங்கள். நெஞ்சு நிறைந்திருந்தால் மருந்துக்கு இடமில்லை, அதனால் இதைத் தவறவிடக்கூடாது.

பம்ப்பின் வாயைப் பல்லுக்கிடையே வைத்து உதட்டால் இறுக்கி மூடுங்கள். நாக்கு துவாரத்தை மறைக்கக்கூடாது. மூச்சை மெதுவாக உள்ளே எடுக்கத் தொடங்கிய அந்தக் கணமே அழுத்துங்கள். அழுத்திய பிறகும் மூன்று முதல் ஐந்து செக்கன் வரை இழுத்துக்கொண்டே போங்கள். பிறகு பத்துவரை எண்ணி மூச்சைப் பிடித்து வையுங்கள். அடுத்த தரத்துக்கு அரை நிமிடமாவது விட்டு, மறுபடி குலுக்கி அடியுங்கள்.

இப்போது கண்ணாடி. அதன் முன் நின்று அடித்துப் பாருங்கள். பம்ப்பின் மேற்பக்கத்தாலோ வாயோரத்தாலோ மூக்காலோ வெள்ளைப் புகை வெளியே வந்தால் அந்த மருந்து உங்களுக்குள் போகவில்லை. அழுத்திவிட்டுப் பிறகு இழுத்தீர்கள், அல்லது மூக்கால் மூச்செடுத்தீர்கள். கிளினிக்கில் ஓர் அம்மா அடித்துக் காட்டியபோது இரண்டு மூக்குத் துவாரத்தாலும் புகை நேராக வந்தது. அவருக்கு மருந்தைக் கூட்டவே இல்லை, ஸ்பேசர் மட்டும் கொடுத்தோம். அடுத்த கிளினிக்குக்கு வந்தபோது இரவில் எழும்புவது நின்றிருந்தது.

கப்சியூல் கருவிக்கு வேறு வரிசை. கை காய்ந்திருக்க வேண்டும். கப்சியூலை அந்த நேரத்தில்தான் தாளிலிருந்து உடைத்து எடுங்கள், இல்லாவிட்டால் ஈரம் பிடித்துத் தூள் கட்டியாகும். மாரி காலத்தில் இது வேகமாக நடக்கும். கருவியில் போட்டுத் திருகுங்கள். மூச்சை வெளியே விடும்போது கருவியை வாயிலிருந்து விலக்கிப் பிடியுங்கள், உள்ளே ஊதினால் தூள் நனையும். பிறகு உதட்டை மூடி, முடிந்தவரை வேகமாகவும் ஆழமாகவும் இழுத்து, மூச்சைப் பிடியுங்கள்.

முடிந்ததும் கருவியைத் திறந்து கப்சியூலைப் பாருங்கள். தூள் மிச்சம் இருந்தால் இன்னொரு தரம் இழுக்க வேண்டும். பார்க்காமல் எறிவதுதான் பொதுவான பிழை. அதைவிடப் பெரிய பிழை, கப்சியூலைத் தேத்தண்ணீரோடு முழுங்குவது. சிரிக்காதீர்கள், குளிசை போலவே இருப்பதால் நடக்கிறது. சொல்லிக் கொடுக்கிறவர் ஒரு வார்த்தை சொன்னால் நடக்காது.

கடும் முட்டில் இருப்பவரால் வேகமாக இழுக்க முடியாது. ஆகவே கப்சியூல் மட்டும் பாவிப்பவர் வீட்டிலும் அவசரத்துக்கு ஒரு சல்பியூட்டமோல் பம்ப்பும் ஸ்பேசரும் இருக்கட்டும்.

தடுப்பு மருந்து அடித்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள். வாயில் வெண்படை பிடிப்பதும் குரல் கம்முவதும் குறையும். பல்லுத் தீட்ட முன் அடித்தால் மறக்காது.

6. ஸ்பேசர் இல்லாவிட்டால் போத்தல்

அழுத்துவதும் இழுப்பதும் ஒரே நேரத்தில் வராதவர்களுக்கு, அதாவது பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் கை நடுக்கம் உள்ளவர்களுக்கும், ஸ்பேசர் பாதி வேலையைக் குறைத்துவிடும். மருந்து முதலில் அதற்குள் நிற்கும், பிறகு ஆறுதலாக நாலைந்து மூச்சில் எடுக்கலாம்.

வாங்க வசதி இல்லையென்றால் 500 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் தண்ணீர்ப் போத்தல் போதும். தென்னாபிரிக்காவில் முட்டு வந்த பிள்ளைகளிடம் போத்தல் ஸ்பேசரையும் கடையில் விற்பதையும் ஒப்பிட்டுப் பார்த்து, சரியாக அடைத்துச் செய்த போத்தல் குறைந்ததில்லை என்று 1999 இல் வெளியிட்டார்கள்.

பம்ப்பின் வாயைப் போத்தலின் அடியில் வைத்துப் பேனையால் கோடு வரையுங்கள். கோட்டுக்குச் சற்று உள்ளே வெட்டுங்கள், இறுக்கமாகப் பொருந்த வேண்டும். இடைவெளி இருந்தால் பிளாஸ்டர் ஒட்டி அடையுங்கள். காற்றுக் கசிந்தால் எல்லாம் வீண். பிள்ளை போத்தலின் வாயை உதட்டால் மூடி மூச்செடுக்கும். வாயால் இறுக்கிப் பிடிக்கத் தெரியாத சின்னப் பிள்ளைக்கு முகமூடி பொருத்திய ஸ்பேசர்தான் வேண்டும், போத்தல் சரிவராது.

பாவிக்க முன் சவர்க்காரத் தண்ணீரில் கழுவித் தானாகக் காய விடுங்கள். துணியால் துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் உண்டாகி மருந்து சுவரில் ஒட்டும். வாங்கிய ஸ்பேசருக்கும் இதே விதி.

7. பம்ப்பில் மருந்து இருக்கிறதா? நாள்தோறும் எடுக்கிறீர்களா?

குலுக்கிப் பார்த்துச் சொல்ல முடியாது. மருந்து முடிந்த பிறகும் தள்ளும் வாயு மிச்சம் இருக்கும், அடித்தால் புகையும் வரும். தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பதும் பிழை, வாய்ப்பகுதி அடைத்துவிடும். எண்ணும் இலக்கம் இல்லாத பம்ப் என்றால் கணக்குத்தான் வழி. 200 தரம் உள்ள பம்ப்பில் காலை இரண்டு, இரவு இரண்டு என்றால் 50 நாள். திறந்த அன்றே முடியும் திகதியைப் பம்ப்பில் எழுதுங்கள்.

கப்சியூலில் கணக்கு இன்னும் எளிது. நாளுக்கு இரண்டு என்றால் மாதம் 60 போக வேண்டும். கிளினிக் நாளன்று வீட்டில் இருபது மிச்சம் இருந்தால் பத்து நாள் எடுக்கவில்லை. உங்களைக் குற்றம் சொல்லவில்லை, ஆனால் வைத்தியரிடம் மறைக்காதீர்கள். மறைத்தால் அவர் தேவையில்லாமல் அளவைக் கூட்டுவார்.

இங்கே தவறுவதற்குப் பொதுவான காரணங்கள் மூன்று. ஒன்று, அறுவடைக் காலத்தில் கிளினிக் திகதியைத் தவறவிடுவது. முன்கூட்டியே கேட்டு மருந்தை எடுத்து வையுங்கள், இல்லாவிட்டால் கொப்பியோடு வீட்டில் ஒருவரை அனுப்பலாமா என்று கேளுங்கள். இரண்டு, விரதம். கந்தசஷ்டியோ நோன்போ, காலை விரதம் தொடங்க முன்னும் இரவு முடிந்த பின்னும் தடுப்பு மருந்தை எடுக்கலாம். முட்டு வந்தால் நேரம் பார்க்காமல் அடிக்க வேண்டும். மூன்று, ஸ்டீரொயிட் பயம்.

பயத்துக்குக் கணக்கு ஒன்று சொல்கிறேன். நாளுக்கு 400 மைக்ரோகிராம் தடுப்பு மருந்து என்பது 0.4 மில்லிகிராம். முட்டுக் கூடி ஆஸ்பத்திரியில் எடுக்கும் பிரட்னிசலோன் நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வரை, அதாவது நூறு மடங்கு. இரண்டும் வேறு வேறு மருந்து, ஆகவே இது நேரடி ஒப்பீடில்லைத்தான். ஆனாலும் நெஞ்சுக்குள் நேராகப் போகிற சின்ன அளவைப் பயந்து விட்டுவிட்டு, உடம்பு முழுக்கப் போகிற பெரிய அளவைத் திரும்பத் திரும்ப எடுக்கிறோம். கர்ப்பிணிகளும் தடுப்பு மருந்தைத் தாமாக நிறுத்தக்கூடாது. முட்டுத்தான் பிள்ளைக்குக் கூடாதது.

வெயில் பற்றியும் ஒரு சொல். பம்ப்பை 30 பாகை செல்சியசுக்குக் கீழே வைக்க வேண்டும். தகரக் கூரைக்குக் கீழ் உள்ள தட்டு, மோட்டார் சைக்கிள் சீற்றுக்கு அடியில் உள்ள பெட்டி, பஸ்ஸின் முன் கண்ணாடி எல்லாம் கூடாது. மண்பானைக்குப் பக்கத்தில் நிழலில் வைக்கலாம். முடிந்த பம்ப்பைக் குப்பையோடு கொளுத்தாதீர்கள், வெடிக்கும்.

பாமசியில் மருந்து மாறினால் திருப்பிக் கேளுங்கள். ஒரே பெயரில் 100, 200, 400 என்று அளவுகள் உண்டு. கிளினிக்கில் 400 எடுத்தவர் கடையில் 200 வாங்கி அதே எண்ணிக்கையில் எடுத்தால் மருந்து பாதியாகிவிடும்.

8. வீட்டிலும் வேலையிலும் புகையும் தூசும்

ஐந்தாம், ஏழாம் படிகளைச் சரிசெய்த பிறகுதான் இதற்கு வாருங்கள். புகை, தூசை முழுதாக விலக்க யாராலும் முடியாது. பெரிய ஒன்றிரண்டைப் பிடித்தால் போதும்.

வன்னியில் முதல் எதிரி அடுப்படி. விறகு ஈரமாக இருந்தால் புகை கூடும், ஆகவே மாரிக்கு முன்பே விறகை வெட்டி மூடி வையுங்கள். வருத்தக்காரர் அடுப்புக்கு முன் குந்தியிருந்து ஊதக்கூடாது. காஸ் அடுப்பு முடியாவிட்டால் புகைபோக்கி வையுங்கள், அல்லது அடுப்பைத் திறந்த பத்திக்கு மாற்றுங்கள். கறித்தூளுக்கு மிளகாய் வறுக்கும் நாள் வருத்தக்காரர் வளவை விட்டே போகட்டும். சாம்பிராணியும் நுளம்புச் சுருளும் அடைத்த அறைக்குள் வேண்டாம், நுளம்பு வலை போதும்.

அடுத்தது காலம். காலபோக அறுவடை, சிறுபோக அறுவடை, வைக்கோல் எரிப்பு, சோளகம் வீசும் மாதங்களில் கிரவல் ரோட்டுத் தூசு, தை மாசிப் பனி என்று உங்களுக்கு எப்போது கூடுகிறது என்பதைக் கொப்பியில் எழுதுங்கள். ஒரே காலத்தில் வருடாவருடம் கூடுகிறதென்றால், அதற்கு முன்பே தடுப்பு மருந்து பற்றி வைத்தியரிடம் பேசலாம். கைலேஞ்சியால் மூக்கைக் கட்டினால் உமித்தூசு கொஞ்சம் குறையும், புகை குறையாது.

அரிசி ஆலை, மர வேலைத்தளம், சீமெந்து வேலை, தோட்டத்துக்குக் கிருமிநாசினி அடிப்பது ஆகியவற்றில் இருப்பவர்கள் ஒன்றைப் பாருங்கள். லீவில் நின்றால் முட்டுக் குறைந்து, வேலைக்குத் திரும்பினால் கூடுகிறதா? அப்படியென்றால் வைத்தியரிடம் முதல் வசனமாகச் சொல்ல வேண்டியது அதுதான்.

சிகரெட், பீடி பற்றி எழுதவே தேவையில்லை. அடிப்பவருக்குத் தடுப்பு மருந்தின் பலன் குறையும், அவ்வளவுதான். வீட்டில் இன்னொருவர் அடித்தாலும் பிள்ளைக்குப் போகும்.

9. மேசையில் வைத்த மற்ற மருந்துகள், மூக்கு, வயிறு

பிரஷருக்குத் தரும் புரொப்பிரனலோல், அட்டெனலோல் போன்ற மருந்துகள் மூச்சுக்குழாயைச் சுருக்கும். கண் அழுத்தத்துக்கு விடும் டிமலோல் துளியும் அப்படித்தான். கண்ணுக்கு விடுவது நெஞ்சுக்கு என்ன செய்யும் என்று யாரும் நினைப்பதில்லை, அதனால் வைத்தியரிடம் சொல்வதும் இல்லை. அஸ்பிரின், டைக்குளோபெனாக், ஐபுபுரோபன் சிலருக்கு முட்டைக் கிளப்பும். பிரஷருக்குத் தரும் இன்னொரு மருந்தான எனலாபிரில் முட்டைத் தராது, ஆனால் வறட்டு இருமலைத் தந்து தொய்வு போல ஏமாற்றும். எதையும் தாமாக நிறுத்தாதீர்கள், காட்டிக் கேளுங்கள்.

தியோபிலின் (மூச்சுக்குழாயை விரிக்கும் குளிசை) எடுப்பவர்கள், காய்ச்சலுக்கு வேறு இடத்தில் மருந்து எடுக்கும்போது அதைச் சொல்ல வேண்டும். சிப்ரோபுளொக்சசின், எரித்ரோமைசின் போன்றவை தியோபிலினை இரத்தத்தில் கூட்டிவிடும். வாந்தி, படபடப்பு வந்தால் அதுவாக இருக்கலாம்.

மூக்கடைப்பும் தொடர் தும்மலும் இருந்தால் அதற்கும் மருந்து கேளுங்கள். மூக்கு அடங்காமல் நெஞ்சு அடங்குவது கஷ்டம். சாப்பிட்டவுடன் படுத்தால் புளித்து எரிந்து இருமல் வருகிறதா என்பதையும் எழுதுங்கள். உடம்பு கனத்தவர்களுக்கு நிறை குறைந்தால் முட்டும் குறையும்.

10. இது தொய்வுதானா?

முறை சரி, மருந்து சரி, நாள்தோறும் எடுக்கிறார், அப்படியும் நாலு கிழமையில் மாற்றமில்லை என்றால் இந்தக் கேள்விக்கு வரலாம். ஆனால் கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தால் நாலு கிழமை காத்திருக்காதீர்கள்.

இரண்டு கிழமைக்கு மேல் இருமல், பின்னேரக் காய்ச்சல், நிறை குறைதல், சளியில் இரத்தம் என்றால் சளிப் பரிசோதனை வேண்டும், காசநோயைப் பார்க்க வேண்டும். மாவட்ட மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் இலவசமாகச் செய்வார்கள். நாற்பது வயதுக்குப் பிறகு முதன்முதலாக முட்டு வந்தவர், நெடுங்காலம் புகைத்தவர் அல்லது அடுப்புப் புகையில் இருந்தவர் என்றால் அது வேறு நெஞ்சு வருத்தமாக இருக்கலாம், பம்ப்பும் வேறாகும். கால் வீங்கி, படுத்தால் முட்டி, எழும்பி இருந்தால் சுகம் என்றால் இருதயத்தைப் பார்க்க வேண்டும்.

கச்சான் சாப்பிட்டுக்கொண்டிருந்த சின்னப் பிள்ளைக்குத் திடீரென்று இழுப்புத் தொடங்கினால், கொட்டை மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம். பம்ப் அடித்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

11. வைத்தியரிடம் என்ன கொண்டுபோவது, என்ன கேட்பது

மருந்துப் பையை முழுதாகக் கொண்டுபோங்கள், கொப்பியையும். கிளினிக்கில் ஆளுக்குச் சில நிமிடம்தான் கிடைக்கும், ஆகவே ஒரு தாளில் நாலு வரி எழுதுங்கள்: நாலு கேள்விக்குப் பதில், வருடத்தில் எடுத்த பிரட்னிசலோன் தரம், மாதத்தில் முடிந்த நீலப் பம்ப், எப்போது எங்கே கூடுகிறது. "தாதி முன் அடித்துக் காட்டினேன், முறை சரி" என்றும் எழுதியிருந்தால் வைத்தியர் அந்தக் கேள்வியைத் தாண்டி நேராக அடுத்ததுக்குப் போவார்.

இதற்குப் பிறகும் அடங்காவிட்டால் அவர் தடுப்பு மருந்தின் அளவைக் கூட்டலாம், ஃபோர்மொடெரோல் அல்லது சால்மெட்டரோல் சேர்ந்ததற்கு மாற்றலாம், மொன்டிலூகாஸ்ட் சேர்க்கலாம். மொன்டிலூகாஸ்ட் தொடங்கிய பிள்ளைக்குத் தூக்கம் கெட்டாலோ குணம் மாறினாலோ சொல்லுங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் பொது வைத்திய நிபுணரிடம் காட்டலாம். மேலதிகப் பரிசோதனை தேவைப்பட்டால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள், அதற்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள்.

கேட்க மறக்கக்கூடாத ஒன்று: முட்டுக் கூடினால் செய்ய வேண்டியதை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எத்தனை தரம் அடிப்பது, எந்த நிலையில் பிரட்னிசலோன் தொடங்குவது, எப்போது வெளிக்கிடுவது. பீக் ஃப்ளோ மீட்டர் இருந்தால் உங்கள் ஆகக்கூடிய அளவை அதில் எழுதுங்கள். அதில் 80 வீதத்துக்குக் கீழே போனால் கவனம், 50 வீதத்துக்குக் கீழே போனால் ஆஸ்பத்திரி. தாளைக் குசினிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டுங்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளை என்றால் வகுப்பாசிரியரிடமும் ஒரு பிரதி இருக்க வேண்டும், பம்ப் பிள்ளையின் புத்தகப் பையில் இருக்க வேண்டும்.

மூன்று மாதம் நன்றாக இருந்தால் மருந்தைக் குறைக்கலாமா என்று நீங்களே கேட்கலாம். வைத்தியர் படிப்படியாகக் குறைப்பார். சுகம் என்று தாமாக நிறுத்துகிறவர்கள்தான் அடுத்த பனிக்கு வாட்டில் நிற்கிறார்கள். குறைக்கும் காலத்தை அறுவடையோடும் பனியோடும் சேராமல் பார்த்துக் கேளுங்கள், குறைத்த பிறகு நாலு கேள்வியையும் மாதத்துக்கு ஒரு தரம் கொப்பியில் பதியுங்கள்.